நீரில் கரந்த நஞ்சு

மனிதன் அறிந்த நஞ்சுகளுள் மிகப் பழையதும் மிகுந்த பழிக்கு ஆளானதும் பாஷாணமாகும். மருத்துவர் இதனை வெள்ளைப் பாஷாணம் என்பர். இரசாயன நூலார் ஆர்சனிக் டிரை ஆக்சைடு என்பர். பார்வைக்கு அது மாவு போன்ற வெண்பொடி. அதற்கு மணமில்லை, நாவுக்குத் தெரியும் சுவையும் இல்லை. நீரில் கரைந்தால் நீரின் தெளிவு சிறிதும் குன்றுவதில்லை. உண்டவர் வாந்தியும் பேதியுமாய்த் துன்புற்று மடிவர். வாந்திபேதி நோயில் மாண்டவருக்கும் இவருக்கும் வேற்றுமை காண்பது பண்டை மருத்துவருக்கு அரிதாயிருந்தது. சொத்துக்கு ஆசைப்பட்டுச் சுற்றத்தாரைக் கொல்வோர் இதனையே நாடினர். பிரெஞ்சு மக்கள் இதற்கு ‘வாரிசுப் பொடி’ என்று பெயரிட்டிருந்தமையே அக்காலத்தின் நிலையை உணர்த்தப் போதுமானது.

இந்நஞ்சை நீதிமன்றத்தில் கண்ணெதிரே காட்ட வல்ல முறை 19-ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. அம்முறையின் வரலாறு, நீரில் கரைந்த ஆர்சனிக் மின்னாற்றலுக்கு எவ்வாறு இணங்குகிறது என்பதை மனிதன் படிப்படியாக அறிந்துகொண்ட வரலாறே ஆகும். அதனுள் ஓர் எச்சரிக்கையும் தொடர்ந்து ஒலிக்கிறது. தேடும் கருவி தூயதாக இராவிடில், கண்டதாகச் சொல்லப்படும் நஞ்சு பொய்யாகிவிடும். தேடாமலே விட்டுவிட்டாலோ, இருக்கும் நஞ்சும் இல்லாதது போலாகிவிடும். முதற்பிழையால் ஒருவர் தூக்குமரத்தின் அருகே சென்றார். இரண்டாம் பிழையால் கோடிக்கணக்கானோர் நஞ்சைப் பருகினர்.

அரிதாரமும் மனோசிலையும்

ஆர்சனிக் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. கந்தகத்தோடு கூடி மஞ்சள் நிறக் கல்லாகக் கிடைப்பது அரிதாரம்; தாளகம் என்பதும் அதுவே. செந்நிறக் கல்லாகக் கிடைப்பது மனோசிலை. சித்த மருத்துவ நூல்கள் இவற்றைப் பாஷாண வகையுள் வைத்து எண்ணுகின்றன. கூத்து மேடை ஏறுவோர் முகத்துக்கு வண்ணம் தீட்டுவதை ‘அரிதாரம் பூசுதல்’ என்று இன்றும் சொல்கிறோம். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ஆர்சனிக் என்னும் சொல்லும் இம்மஞ்சள் கல்லின் பெயரிலிருந்தே வந்தது. பொன்னிறத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் கிரேக்கத்தில் ‘ஆர்சனிக்கான்’ எனத் திரிந்து, பின்னர் இலத்தீன் வழியாக ஏனைய மொழிகளை அடைந்தது.

நீரில் கரைந்த ஆர்சனிக் பெரும்பாலும் இரு நிலைகளில் ஒன்றில் இருக்கும். மூன்று எலெக்ட்ரான்களை இழந்த நிலை ஒன்று. இதன் உப்புகள் ஆர்சனைட் எனப்படும். ஐந்து எலெக்ட்ரான்களை இழந்த நிலை மற்றொன்று. இதன் உப்புகள் ஆர்சனேட் எனப்படும். காற்றில் உள்ள ஆக்சிஜன் நன்கு கலந்த நீரில் ஆர்சனேட் நிலைத்திருக்கும். காற்றுப் புகாத ஆழ்நிலத்து நீரில் ஆர்சனைட் மிகுந்திருக்கும். இரண்டனுள் ஆர்சனைட்டே கொடியது. இவ்விரு நிலைகளின் வேற்றுமை சிறியதாகத் தோன்றினும், இவ்வரலாறு முழுவதையும் இயக்குவது அதுவே.

இவ்விரண்டையும் தவிர மூன்றாவது வடிவம் ஒன்று உண்டு. அது எலெக்ட்ரான்களைப் பெற்று, ஹைட்ரஜனோடு கூடிய ஆர்சீன் என்னும் வாயு. சுவீடன் நாட்டு இரசாயனியான ஷீலே, ஆர்சனிக் அமிலத்தில் துத்தநாகத்தை இட்டபோது இவ்வாயு எழுவதை 1775-இல் கண்டார். வாயுவின் கொடுமை எத்தகையது என்பதை 1815-ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு மியூனிக் நகரில் அதனை ஆராய்ந்துகொண்டிருந்த கெலன் என்னும் இரசாயனி அதனைச் சுவாசித்து உயிர் துறந்தார். ஆராய்ச்சியாளனைக் கொன்ற அதே வாயுதான் பின்னர்க் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாயிற்று.

மார்ஷ் கண்ட சோதனை

இங்கிலாந்தின் உல்விச் நகரில் அரசாங்கப் படைக்கலச் சாலையில் பணியாற்றியவர் ஜேம்ஸ் மார்ஷ். அவர் அங்கிருந்த இராணுவக் கல்விக்கழகத்தில் மைக்கேல் பாரடேக்கு உதவியாளராகவும் இருந்தவர். 1830-களின் தொடக்கத்தில், பாட்டனாருக்குக் காப்பியில் பாஷாணம் கலந்து கொடுத்ததாக ஓர் இளைஞன் மீது வழக்கு எழுந்தது. சோதிக்கும் பொறுப்பு மார்ஷிடம் வந்தது. அக்கால வழக்கப்படி ஐயத்துக்குரிய திரவத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினார். மஞ்சள் நிற வீழ்படிவு தோன்றியது. அஃது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள். அரிதாரத்தின் இயைபும் அதுவே.

ஆனால் வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் அவ்வீழ்படிவு கெட்டு நிறம் மாறிப்போயிருந்தது. நடுவர் குழுவினருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. இளைஞன் விடுதலை பெற்றான். பின்னர் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பது வரலாறு. கெடாத சான்று ஒன்றைக் கண்டே தீருவது என்று மார்ஷ் உறுதி பூண்டார். அதன் பயனாக எழுந்த கட்டுரை 1836-ஆம் ஆண்டு எடின்பரோ நகரத்து விஞ்ஞான இதழில் வெளிவந்தது.

முறை எளியது. வளைந்த கண்ணாடிக் குழாயில் துத்தநாகத் துண்டும் நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கும். சோதிக்க வேண்டிய திரவத்தை அதிலே சேர்ப்பர். துத்தநாகம் கரையும்போது ஹைட்ரஜன் எழும்பும். திரவத்தில் ஆர்சனிக் இருந்தால் அது ஆர்சீனாக மாறி ஹைட்ரஜனோடு வெளிவரும். குழாயின் முனையில் அவ்வாயுவைக் கொளுத்தி, சுடரின்மேல் குளிர்ந்த பீங்கான் தட்டைப் பிடித்தால், கண்ணாடி போல் பளபளக்கும் கரும்புள்ளி படியும். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு ஆர்சனிக்கையும் இச்சோதனையால் காண முடிந்தது. சுவீடன் அறிஞர் பெர்சீலியஸ் முதலியோர் வாயுவை நீண்ட குழாயில் செலுத்திச் சூடாக்கி, அக்குழாயிலேயே ஆர்சனிக் படலத்தைப் படியச் செய்து முறையைச் செப்பம் செய்தனர். அப்படலத்தை மூடி முத்திரையிட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்ல இயன்றது. ஆன்டிமனி என்னும் மற்றொரு தனிமமும் இத்தகைய கறையைத் தரும். ஆயினும் சலவைத் தூளின் கரைசலை ஊற்றினால் ஆர்சனிக் கறை கரைந்து மறையும். ஆன்டிமனிக் கறை மறையாது.

இஃது இரசாயனச் சோதனை என்று பெயர் பெற்றிருப்பினும் உண்மையில் மின் இரசாயனச் செயலே ஆகும். துத்தநாகம் கரையும்போது ஒவ்வோர் அணுவும் இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது. அவற்றை அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளும் கரைந்துள்ள ஆர்சனிக்கும் பெற்றுக்கொள்கின்றன. ஆர்சனிக் ஆர்சீனாக மாறுவதற்குரிய தரநிலை மின்னழுத்தம் ஏறத்தாழ −0.61 வோல்ட், துத்தநாகத்தின் மின்னழுத்தமோ −0.76 வோல்ட். எலெக்ட்ரான்களைத் தள்ளும் வல்லமை துத்தநாகத்துக்கு மிகுதி என்பதே இவ்வெண்களின் பொருள். எலெக்ட்ரான் என்னும் பெயரே அப்போது பிறக்கவில்லை. மார்ஷ் கண்டது பயனை. காரணம் விளங்கப் பல பதிற்றாண்டுகள் ஆயின.

தூல் நகரத்து வழக்கு

புதிய சோதனையின் முதற்பெரும் களம் பிரான்ஸ் நாட்டில் அமைந்தது. 1840-ஆம் ஆண்டு சனவரியில் சார்ல்ஸ் லபார்ஜ் என்பவர் இறந்தார். அவருக்குப் பாஷாணம் ஊட்டியதாக அவர் மனைவி மரீ லபார்ஜ் மீது தூல் நகர நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. உள்ளூர் இரசாயனிகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. உணவில் ஆர்சனிக் உண்டு என்றனர். உடலில் இல்லை என்றனர். இறுதியில் பாரிஸ் மருத்துவக் கழகத்தின் தலைவரும் நச்சியல் துறையின் முதல்வருமான ஒர்பிலா வரவழைக்கப்பட்டார். அவர் மார்ஷ் முறையை மிகுந்த கவனத்துடன் கையாண்டு, உடலின் பகுதிகளில் ஆர்சனிக் உண்டு என்று அறிவித்தார். மரீ லபார்ஜுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1852-இல் விடுதலை பெற்ற அவர் அவ்வாண்டிலேயே காலமானார்.

அவர் குற்றவாளியா அல்லரா என்ற வாதம் இன்றும் முடிந்தபாடில்லை. விஞ்ஞானத்துக்கு அவ்வழக்கு விட்டுச்சென்ற கேள்வி வேறு. துத்தநாகமும் கந்தக அமிலமும் பெரும்பாலும் கனிமங்களிலிருந்தே கிடைக்கின்றன. அக்கனிமங்களில் ஆர்சனிக் கலந்திருப்பது இயல்பு. எனின், பீங்கான் தட்டில் படிந்த கறை இறந்தவரின் உடலிலிருந்து வந்ததா, சோதனைச் சாலையின் சீசாவிலிருந்து வந்ததா? இக்கேள்விக்கு விடை ஒன்றே. ஐயத்துக்குரிய பொருளைச் சேர்க்காமல், துத்தநாகத்தையும் அமிலத்தையும் மட்டும் இட்டு முதலில் ஒரு வெறுஞ்சோதனை நடத்தல் வேண்டும். அதில் கறை தோன்றாதபோதுதான் அடுத்துத் தோன்றும் கறைக்குப் பொருள் உண்டு. ஒர்பிலா தாம் பயன்படுத்திய மருந்துகளை மட்டுமன்றி, இறந்தவரைப் புதைத்த மண்ணையும் சோதித்தார். எல்லாரும் அவ்வளவு விழிப்போடிருக்கவில்லை என்பதை அடுத்த வழக்குக் காட்டும்.

செம்புக் கம்பி வலை செய்த பிழை

1841-இல் ஜெர்மன் நாட்டு இரசாயனி ஹ்யூகோ ரைன்ஷ் மற்றொரு முறையை வெளியிட்டார். ஐயத்துக்குரிய திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி, தூய செம்புத் தகட்டை அதில் அமிழ்த்துவர். ஆர்சனிக் இருந்தால் தகட்டின்மேல் கருஞ்சாம்பல் நிறப் படிவு உண்டாகும். அவ்வமிலத்தில் செம்பு எலெக்ட்ரான்களை எளிதில் இழக்கிறது. அவற்றைப் பெற்ற ஆர்சனிக் செம்பின்மேல் படிகிறது. மார்ஷ் முறையினும் இஃது எளிது. ஆதலின் மருத்துவர் பலர் இதனையே விரும்பினர்.

1859-இல் இலண்டன் நகரை அடுத்த ரிச்மண்ட் என்னும் ஊரில் இசபெல்லா பேங்க்ஸ் என்னும் பெண்மணி இறந்தார். அவருடன் வாழ்ந்த மருத்துவர் தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அரசுத் தரப்பின் நச்சியல் அறிஞர் ஆல்பிரட் சுவேன் டெய்லர், இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர். ஸ்மெத்தர்ஸ்ட் வீட்டில் கிடைத்த சீசா ஒன்றிலிருந்த திரவத்தை ரைன்ஷ் முறையால் சோதித்து, அதில் ஆர்சனிக் இருப்பதாக அறிவித்தார்.

ஆனால் அச்சீசாவில் இருந்தது பொட்டாசியம் குளோரேட். அஃது எலெக்ட்ரான்களைப் பறிப்பதில் வல்லது. அமிலத்தோடு சேர்ந்தவுடன் அது செம்புக் கம்பி வலையையே கரைத்துவிட்டது. டெய்லர் மேலும் மேலும் செம்பைச் சேர்த்தார். குளோரேட் தீர்ந்த பின்னர்ச் செம்பின்மேல் ஆர்சனிக் படிந்தது. அந்த ஆர்சனிக் எங்கிருந்து வந்தது? கரைந்துபோன செம்பில் மாசாகக் கலந்திருந்ததே அது. செம்பு கரையாதவரை அதனுள் இருந்த மாசு வெளிப்படுவதில்லை. ஆதலின் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட அதே செம்பில் டெய்லர் எக்குறையும் கண்டதில்லை. தம் பிழையை அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அவ்வாறிருந்தும் ஸ்மெத்தர்ஸ்டுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. பொதுமக்களிடையிலும் அறிஞரிடையிலும் கண்டனம் எழுந்தது. உள்துறை அமைச்சர், புகழ்பெற்ற மருத்துவரான சர் பெஞ்சமின் பிரோடியின் கருத்தைக் கேட்டார். குற்றம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை என்று அவர் கருதியதால் மன்னிப்பு வழங்கப்பட்டது. முதல் மனைவி உயிரோடிருக்கையில் மறுமணம் புரிந்த குற்றத்துக்காக மட்டும் ஸ்மெத்தர்ஸ்ட் ஓராண்டு சிறையிலிருந்தார். அவர் நல்லவரா என்பதன்று இங்கே கேள்வி. சோதனைக் கருவியில் கலந்திருந்த அணுவளவு மாசு ஒரு மனிதனைத் தூக்குமரத்துக்கு அனுப்பப் பார்த்தது என்பதே நினைவில் நிற்க வேண்டியது.

மின்சாரம் துத்தநாகத்தின் இடத்தைப் பெறுதல்

துத்தநாகத்தாலும் செம்பாலும் மாசு புகுமாயின் அவற்றை நீக்கிவிடலாகாதா? எலெக்ட்ரான்களை அளிப்பதுதான் உலோகத்தின் பணி என்றால், அதனை மின்கலத்திலிருந்து நேரே பெறலாமே. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பிளாக்சம் இவ்வழியில் முயன்றார். அமிலம் கலந்த நீரில் கரையாத பிளாட்டினத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தினால், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் தோன்றும். ஆர்சனிக்கும் அங்கே ஆர்சீனாக மாறும். கரையும் உலோகம் எதுவும் இல்லாததால் மாசு புக வழியில்லை.

இம்முறைக்கு உடனே பெரும் வரவேற்புக் கிட்டவில்லை. அதன் தேவையை ஒரு பேரிடர் உணர்த்தியது. 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர், சால்போர்டு வட்டாரங்களில் ஏழை மக்கள் பலர் கைகால்கள் மரத்துப்போய், தோல் கறுத்து மருத்துவமனைகளை நாடினர். குடியின் மிகுதியால் வந்த நரம்பு நோய் என்றே மருத்துவர் முதலில் கருதினர். டாக்டர் எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்பவர் மட்டும் நுணுக்கமாக நோக்கினார். விஸ்கி போன்ற கடுமதுவைக் குடித்தவரை இந்நோய் தாக்கவில்லை. மலிவான பீர் குடித்தவரையே தாக்கியது. அவர் பீரைச் சோதிக்க, அதில் ஆர்சனிக் இருப்பது நவம்பர் மாதத்தில் வெளிப்பட்டது.

நஞ்சின் தடத்தைப் பின்தொடர்ந்தபோது அது நெடுந்தொலைவு சென்றது. பீர் வடிக்கப் பயன்பட்ட சர்க்கரையைத் தயாரிக்கக் கந்தக அமிலம் வேண்டும். அவ்வமிலம் தூய கந்தகத்திலிருந்து அன்றி, ஆர்சனிக் கலந்த இரும்புக் கந்தகக் கல்லிலிருந்து செய்யப்பட்டிருந்தது. அமிலத்திலிருந்த நஞ்சு சர்க்கரைக்கும், சர்க்கரையிலிருந்து பீருக்கும் சென்றது. நோயுற்றோர் 6,000 பேருக்கு மேல். இறந்தோர் ஏறத்தாழ 70 பேர். முன்பு சோதனைச் சாலையில் பிழை விளைத்த அதே அமில மாசு, இப்போது மக்களின் குவளையிலேயே வந்து சேர்ந்தது.

1901-இல் அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. மின்னியலிலும் கடலடித் தந்தியிலும் பெரும்பெயர் பெற்ற கெல்வின் பிரபு அதன் தலைவராயிருந்தார். 1903-இல் வெளிவந்த இறுதி அறிக்கை, பானங்களில் ஒரு காலனுக்கு நூறில் ஒரு கிரெயின் எடைக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்று பரிந்துரைத்தது. இக்காலக் கணக்கில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 0.14 மில்லிகிராம் ஆகும். உணவுப் பொருளில் நஞ்சுக்கு எண்ணால் எல்லை வகுத்த முயற்சிகளுள் இது முன்னோடியாகும்.

எல்லை வகுத்தால் மட்டும் போதுமா? அவ்வளவு சிறு அளவைப் பிழையின்றி அளக்க வேண்டுமே. அரசாங்கச் சோதனைச் சாலையின் தலைவர் எட்வர்டு தார்ப் பிளாக்சத்தின் வழியை மீண்டும் கையிலெடுத்து, 1903-இல் செம்மையான மின்பகுப்பு முறை ஒன்றை வெளியிட்டார்.

பிளாட்டினமும் ஈயமும்

அம்முறையிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பிளாட்டின எதிர்மின்வாய் ஆர்சனைட்டை ஆர்சீனாக மாற்றியது; ஆர்சனேட்டை முற்றும் மாற்ற இயலவில்லை. எனவே நீரிலுள்ள ஆர்சனிக் முழுவதையும் முதலில் சல்பைட் உப்பினால் ஆர்சனைட்டாக மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதனைச் செய்யாவிடில் பாதி நஞ்சு கண்ணுக்குத் தப்பிவிடும். சாண்ட், ஹாக்போர்டு என்னும் இருவர் 1904-இல் பிளாட்டினத்துக்குப் பதிலாக ஈயத்தை எதிர்மின்வாயாக வைத்தனர். ஆர்சனேட்டும் ஆர்சீனாக மாறியது.

ஈயத்துக்கு அமைந்த இத்தனிச் சிறப்புக்குக் காரணத்தை, 1899-இல் காஸ்பாரி என்பவர் அளந்து வெளியிட்ட எண்கள் விளக்குகின்றன. ஓர் உலோகத்தின்மேல் ஹைட்ரஜன் குமிழி தோன்ற, கணக்குப்படி வேண்டியதற்கு மேலாகச் சிறிது மின்னழுத்தம் தேவைப்படுகிறது. இதனை மிகை மின்னழுத்தம் என்பர். மெருகிட்ட பிளாட்டினத்துக்கு அது 0.09 வோல்ட், ஈயத்துக்கு 0.64, துத்தநாகத்துக்கு 0.70, பாதரசத்துக்கு 0.78. பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜன் எளிதில் வெளியேறிவிடுகிறது. தாழ்ந்த கரையையுடைய குளத்தில் நீர் உயர்ந்து நிற்காதது போல, அங்கே மின்னழுத்தம் உயர வழியில்லை. ஈயமோ உயர்ந்த கரை போன்றது. ஹைட்ரஜன் எளிதில் வெளியேறாமையால் மின்னழுத்தம் மேன்மேலும் ஏறி, எளிதில் இணங்காத ஆர்சனேட்டையும் இணங்க வைக்கிறது. மார்ஷ் துத்தநாகத்தைத் தேர்ந்தது எத்துணைப் பொருத்தமானது என்பதும் இவ்வெண்களால் விளங்கும்.

பாதரசத் துளியும் பொன் தகடும்

அடுத்த முன்னேற்றம் பிராக் நகரில் நிகழ்ந்தது. யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி என்னும் செக் அறிஞர், துளித்துளியாய் விழும் பாதரசத்தை மின்வாயாக வைத்து, கரைசலில் உள்ள பொருள்களை அவை ஏற்கும் மின்னோட்டத்தால் இனம் காணும் முறையை 1922-இல் கண்டார். அதற்காக 1959-இல் நோபல் பரிசு பெற்றார். இங்கும் பழைய வேற்றுமையே தலைகாட்டியது. ஆர்சனைட் பாதரசத் துளியில் தெளிவாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆர்சனேட் பெரும்பாலும் வாளாவிருக்கும். இது குறையாகத் தோன்றினும் உண்மையில் ஒரு வசதியே. முதலில் ஆர்சனைட்டை மட்டும் அளந்து, பின்னர் அனைத்தையும் ஆர்சனைட்டாக மாற்றி மீண்டும் அளந்தால், இரண்டின் வேறுபாடு ஆர்சனேட்டின் அளவைத் தரும்.

பிற்காலத்தில் பொன் தகடு பயன்பாட்டுக்கு வந்தது. சில நிமிடங்கள் மின்னோட்டம் செலுத்தி ஆர்சனிக்கைப் பொன்னின்மேல் படியச் செய்வர். பின்னர் மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் மாற்றி அதனைக் கரையச் செய்வர். கரையும்போது எழும் மின்னோட்டத்தின் அளவே ஆர்சனிக்கின் அளவைச் சொல்லும். இவ்வாறு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவையும் அறிய முடிகிறது. அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நுட்பம் வளர வளர எல்லையும் இறங்கியது. குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1958-இல் குறித்தது. 1963-இல் அது 0.05 ஆகவும், 1993-இல் 0.01 ஆகவும் குறைக்கப்பட்டது.

மலாயாவிலும் தென்தாய்லாந்திலும்

ஆர்சனைட் மலாயாத் தமிழரின் வாழ்விலும் குறுக்கிட்ட பொருளே. இரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லையும் ஏனைய களைகளையும் அழிக்கச் சோடியம் ஆர்சனைட் கரைசல் பல ஆண்டுகள் தெளிக்கப்பட்டது. அதனைத் தோளில் சுமந்து தெளித்தவருள் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். உப்புச் சுவையுடைய அப்புல்லைக் கால்நடைகள் விரும்பி மேய்வதால் அவற்றுக்கும் கேடு நேரும். 1960-களில் பாராகுவாட் என்னும் வேறொரு மருந்து அதன் இடத்தைப் பெற்றது. அதுவும் கொடிய நஞ்சே. மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அதற்குத் தடை விதிக்கப்பட்டது.

மலேசிய எல்லைக்கு வடக்கே, தாய்லாந்தின் நக்கோன் சீ தம்மராட் மாநிலத்தில் ரோன் பிபூன் என்னும் ஈயச் சுரங்க வட்டாரம் உள்ளது. மலாயாவில் ‘ஈயம்’ என்று வழங்கும் வெள்ளீயத்தின் தாதுவோடு, ஆர்சனிக்கும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லும் அங்கே கிடைக்கிறது. சுரங்கக் கழிவில் கிடந்த அக்கல் காற்றும் மழையும் பட்டுச் சிதைந்து, ஆர்சனிக்கைக் கிணற்று நீரில் சேர்த்தது. 1987-இல் முதல் நோயாளி இனம் காணப்பட்டார். தொடர்ந்து தோல் நோயுற்றோர் ஏறத்தாழ 1,000 பேர் கண்டறியப்பட்டனர்.

வங்கத்து மண்ணில்

இவையெல்லாம் வங்கத்தில் நிகழ்ந்ததற்கு முன் சிறியனவே. வங்காள தேசத்தில் குளத்து நீரைப் பருகிய குழந்தைகள் வாந்திபேதியால் மாண்டுவந்தனர். அதனைத் தடுக்க 1970-கள் முதல் அரசாங்கமும் பன்னாட்டு நிறுவனங்களும் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளை அமைத்தன. நீர் தெளிவாயிருந்தது, நோய்க்கிருமி இல்லை. ஆர்சனிக் உண்டா என்று யாரும் சோதிக்கவில்லை. 1983-இல் கல்கத்தாவில் டாக்டர் கே. சி. சாகா, மேற்கு வங்கக் கிராமத்தாரின் தோல் நோய்க்கு ஆர்சனிக்கே காரணம் என்று கண்டார். எல்லைக்கு அப்பால், வங்காள தேசத்தில், 1993-இல்தான் கிணற்று நீரில் ஆர்சனிக் உறுதியாயிற்று. 1992-இல் பிரிட்டிஷ் நிலவியல் நிறுவனம் அந்நாட்டு நிலத்தடி நீரை ஆராய்ந்தபோதும் ஆர்சனிக் சோதிக்கப்படவில்லை.

2000-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த கட்டுரை, 3.5 கோடி முதல் 7.7 கோடி மக்கள் இவ்விடரின் நிழலில் இருப்பதாக மதிப்பிட்டது. மனித வரலாற்றிலேயே இத்தனை மக்களுக்கு ஒருங்கே நஞ்சு ஊட்டப்பட்டதில்லை என்றும் கூறியது.

நஞ்சு மண்ணிலிருந்து நீருக்கு வந்த வழியும் எலெக்ட்ரான் மாற்றமே ஆகும். இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில் ஒவ்வொரு மணலையும் இரும்புத் துரு போர்த்தியுள்ளது. அத்துருவில் ஆர்சனேட் ஒட்டிக்கிடக்கிறது. மண்ணுக்குள் மக்கிய தாவரப் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் தம் எலெக்ட்ரான்களைத் துருவுக்குக் கொடுக்கின்றன. துரு கரைகிறது; ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபடுகிறது; அதுவும் எலெக்ட்ரான் பெற்று ஆர்சனைட்டாகிறது. மார்ஷின் குழாயில் சில நிமிடங்களில் நிகழ்ந்ததற்கு ஒத்த எலெக்ட்ரான் மாற்றம் ஆற்றுப்படுகையில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நிகழ்ந்துவந்திருக்கிறது.

கிணறுகளைச் சோதிக்கக் கிராமங்களுக்குச் சென்ற கருவியும் பழைய நண்பனே. சிறு புட்டியில் கிணற்று நீரும் அமிலமும் துத்தநாகத் தூளும் இடப்படும். எழும் வாயு, மூடியிலுள்ள பாதரச புரோமைடு தாளில் பட்டு அதனை மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றும். மார்ஷின் வாயுவைத் தாளில் பிடிக்கும் வழியை 1879-இல் குட்சைட் என்பவர் கண்டிருந்தார். 2000 முதல் 2003 வரை இத்தகைய கருவிகளால் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கிணற்றுக்குச் சிவப்பு வண்ணம், குறைந்தால் பச்சை. சிவப்பு வண்ணம் பெற்றவை ஏறத்தாழ 14 இலட்சம்.

நஞ்சை நீக்கும் வழி

நஞ்சை நீக்குவதிலும் அவ்விரு நிலைகளின் வேற்றுமையே வழிகாட்டியாயிற்று. சாதாரண நீரில் ஆர்சனேட் மின்னூட்டம் பெற்றிருப்பதால் இரும்புத் துருவில் எளிதில் ஒட்டிக்கொள்ளும்; மின்னூட்டமற்ற ஆர்சனைட் அவ்வளவு எளிதில் ஒட்டாது. ஆகவே ஆர்சனைட்டை முதலில் ஆர்சனேட்டாக மாற்றிப் பின்னர் இரும்பால் பிடிக்க வேண்டும். வங்காள தேசத்தின் குஷ்டியா வட்டாரத்தில் பிறந்து அமெரிக்காவில் இரசாயனப் பேராசிரியராக விளங்கிய அபுல் உசாம், இரும்புத் துகளும் மணலும் கரியும் கொண்ட எளிய வடிகட்டியை அமைத்தார். அதற்காக 2007-இல் அமெரிக்கப் பொறியியல் கழகத்தின் பத்து இலட்சம் டாலர் பரிசைப் பெற்றார். கலிபோர்னியாவில் அசோக் காட்கிலும் உடனுழைத்தோரும் மின்சாரத்தையே கருவியாகக் கொண்டனர். நீரில் இரும்புத் தகடுகளை வைத்துச் சிறு மின்னோட்டம் செலுத்தினால், நேர்மின்வாய் கரைந்து நீருக்குள்ளேயே துரு உண்டாகிறது. அதே செயலில் ஆர்சனைட்டும் ஆர்சனேட்டாக மாறித் துருவோடு படிகிறது. மேற்கு வங்கத்தில் தப்தபி உயர்நிலைப் பள்ளியில் 2016-இல் அமைந்த நிலையம் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீரைத் தூய்மையாக்கும் ஆற்றல் உடையது. மண்ணுக்கடியில் துரு கரைந்து நஞ்சு விடுபட்டது. பள்ளிக்கூடத் தொட்டியில் துருவை உண்டாக்கி அந்நஞ்சு மீண்டும் பிடிக்கப்படுகிறது.

மார்ஷின் கண்ணாடிக் குழாய் தோன்றி இருநூறு ஆண்டுகள் நெருங்குகின்றன. அதன் பின்னர் எத்தனையோ நுட்பங்கள் வந்தன. எனினும் நுட்பம் இல்லாமையால் மட்டும் தீங்கு விளைந்ததில்லை. டெய்லரிடம் திறமை இருந்தது. செம்பு கரைந்தால் என்ன வெளிப்படும் என்று சோதித்துப் பார்த்தல் இல்லை. வங்கத்தில் கிணறு தோண்டியவரிடம் நல்லெண்ணம் இருந்தது. தெளிந்த நீரைச் சந்தேகித்தல் இல்லை. துத்தநாகத்தையும் அமிலத்தையும் மட்டும் இட்டு நடத்தும் வெறுஞ்சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஒரு கிணற்றின் நீரைப் புட்டியில் இட்டுப் பார்க்கவும் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர், முடிவைச் சொல்வதற்கு முன் கருவியைச் சோதிக்கவும், கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவதையும் ஆராயவும் மாணவருக்குப் பழக்குவாராயின், அப்பழக்கம் உயிர்களைக் காக்கும்.